காப்புப் படியும் கழற்றி வைத்தலும்

ஒன்றற்குப் படியெடுத்து வைக்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. அச்சுப்பொறி பரவுமுன் நம் நூல்களெல்லாம் பனையோலையிலேயே வாழ்ந்தன. ஓலையின் ஆயுள் அளவுபட்டது. செல்லும் ஈரமும் நெருப்பும் அதற்கு ஓயாப் பகை. ஆதலின் ஏடு முதிருமுன் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதுதலை நம் முன்னோர் கடமையாகக் கொண்டனர். அங்ஙனம் எழுதிய ஏடுகள் யாவும் ஒரே பரணில் அடுக்கப்பட்டுக் கிடந்திருப்பின், ஒரு தீயில் அனைத்தும் ஒழிந்திருக்கும். ஒன்று மடத்திலும், ஒன்று புலவர் இல்லத்திலும், ஒன்று தொலைவிலுள்ள வேற்றூரிலுமாகப் பிரிந்து கிடந்தமையாலன்றோ, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராய்த் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்ற இயன்றது! இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களுக்கு வேறிடங்களிற் படிகள் இருந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளோ போனவை போனவையே.

இவ்விரண்டும் நமக்கு அறிவுறுத்துவது ஒன்றே. படியெடுத்தல் பாதிப் பணி. எடுத்த படியை மூலத்தினின்றும் பிரித்து வைத்தல் மற்றைப் பாதி. இவ்வுண்மையை ஏட்டுக் காலத்தினர் நன்கறிந்திருந்தனர். கணினிக் காலத்தினராகிய நாமோ முதற்பாதியை மட்டும் செய்துவிட்டு உறங்குகின்றோம். இதுபற்றிச் சில சொல்லவே ஈண்டு முற்பட்டோம்.

நம் மாணவரிற் பலர் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் ஆகிய பகுதிகளினின்றும் வருபவர். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் சார்ந்து பிழைக்கும் அப்பகுதிகளில், பெரிய நிலையங்களையல்லாமல் எண்ணிறந்த சிறு அலுவலகங்களும் உள்ளன. கப்பற் சரக்கிற்குச் சுங்கப் பத்திரம் அணியப்படுத்தும் கிளியரிங் ஏஜெண்டு, நான்கைந்து டிரெய்லர் லாரிகளை ஓட்டுபவர், பல கடைகளுக்கும் வரிக்கணக்கு எழுதுபவர், திருமணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர் என்றிவர்களது முதலெல்லாம் இப்பொழுது இரும்புப் பெட்டியில் இல்லை. ஒரு கணினியின் வட்டில் இருக்கின்றது. அவ்வட்டு அழியுமாயின், ஏஜெண்டு தமக்கு வரவேண்டிய தொகையை நிறுவ இயலாது. கணக்கர் தம்மை நம்பினோர்க்கு விடையிறுக்க இயலாது. ஸ்டூடியோக்காரர் ஒரு குடும்பத்தின் மணநாளைத் திரும்ப அளிக்க இயலாது. பெருநிறுவனத்திற்கு இஃது ஓர் ஆண்டு நட்டம். சிறு கடைக்கோ இதுவே முடிவு.

இதனை அறிந்தே விவரமுள்ளோர் காப்புப் படி எடுக்கின்றனர். இதனைப் 'பேக்கப்' என்றே எல்லாரும் வழங்குவர். அலுவலகத்தின் ஒரு மூலையில், உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளைக் கொண்ட சிறு பெட்டியொன்றை வைத்துக் கேபிளால் ரூட்டரோடு இணைத்துவிடுகின்றனர். கணினித் திரையில் அஃது ஒரு 'நெட்வொர்க் டிரைவ்' ஆகத் தோன்றும். இரவு தோறும் குறித்த மணியில் அன்றைய கோப்புகள் யாவும் தாமே அதிற் சென்று பதியும். பதிந்தபின் அந்த டிரைவ் யாதாகின்றது? அங்கேயே இணைந்து கிடக்கின்றது. அடுத்த நாள் முழுதும், அடுத்த ஆண்டு முழுதும், சொந்த வட்டின் ஒரு பகுதியே போலக் கிடக்கின்றது. தீங்கு இங்கேதான் தொடங்குகின்றது.

என்னை? கணினியானது தன்னில் ஓடும் நிரல் நல்லதோ தீயதோ என்று ஆராய்ந்து எழுதுவதன்று. அதன் முன் அமர்ந்தவருக்கு எவ்வெவ்விடங்களில் எழுதவும் அழிக்கவும் உரிமையுண்டோ, அவர் அறியாது திறந்துவிட்ட தீய நிரலுக்கும் அவ்வவ்விடங்களில் அவ்வுரிமை உண்டு. விலைப்பட்டியல்போல வந்த கடிதமொன்றை எழுத்தர் திறக்கின்றார். உள்ளிருந்த நிரல் கோப்புகளை ஒவ்வொன்றாய்ப் பூட்டிச் சாவிக்குப் பணம் கேட்கின்றது. இதனையே 'ரான்சம்வேர்' என்பர். 2013ஆம் ஆண்டில் பரவிய 'கிரிப்டோலாக்கர்' என்பது, கணினியின் வட்டை மட்டுமின்றி, டிரைவ் எழுத்துக் கொடுத்து இணைத்து வைத்திருந்த நெட்வொர்க் டிரைவ்களையும் தேடிப் பூட்டியது. எழுத்துப் பெற்று இணைந்திருந்த படிக்குக் கேடு வந்தது. இணைப்பு விலகியிருந்த படி அதன் கண்ணிற் படவில்லை. ஒரே பெட்டி, ஒரே கேபிள், ஒரே அறை. இணைந்திருந்தமையும் விலகியிருந்தமையுமே வாழ்வுக்கும் அழிவுக்கும் இடைப்பட்ட வேற்றுமையாயின.

கொருக்குப்பேட்டையில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்க நெடிய உரை வேண்டுவதில்லை. இரயில் யார்டில் எஞ்சின் சரக்கு வாகன்களைத் தள்ளிக் கொணர்ந்து தனிப்பாதையில் நிறுத்துகின்றது. வாகன்கள் உருளாதபடி பிரேக்கை இறுக்கியபின் பாயிண்ட்ஸ்மேன் இடையிற் புகுந்து கப்ளிங்கைக் கழற்றுகின்றார். எஞ்சின் தன் வழியே போகின்றது. வாகன்களைச் சேர்ப்பித்ததனோடு அவ்வேலை முடிந்துவிட்டதென்று எவரும் கொள்வதில்லை. கப்ளிங் கழன்றபின்னரே ஷண்டிங் முடிந்ததாம். பூட்டியவாறே விட்டுவிட்டால், எஞ்சின் போகுமிடமெல்லாம் வாகன்களும் போகும். எஞ்சின் தடம் புரளின் வாகன்களும் உடன் புரளும். காப்புப் படியும் அத்தகையதே. படியெடுத்து முடிந்தது என்பதற்குப் பொருள், படி பதிந்து, சரிபார்க்கப்பட்டு, இணைப்பும் கழன்றது என்பதாதல் வேண்டும்.

இதற்குத் துறைமுக உலகத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், உக்ரைன் நாட்டில் வழங்கிய ஒரு கணக்கெழுதும் மென்பொருளின் வழியே 'நாட்பெட்யா' என்னும் அழிவு நிரல் புறப்பட்டது. உலகின் பெருங் கப்பல் நிறுவனங்களுள் ஒன்றாகிய மேர்ஸ்க், சில மணி நேரத்தில் செயலற்றது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமத்தின் கண்டெய்னர் முனையமும் தடைப்பட்டது. பின்னர் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாய் நிறுவவேண்டியதாயிற்று என்று அந்நிறுவனத் தலைவர் வெளிப்படக் கூறினார். நட்டம் 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டாலர் வரை என்று நிறுவனமே மதிப்பிட்டது.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி வேறொன்று. பயனாளர் இன்னார், அவர் உரிமை இன்னது என்னும் அடிப்படைப் பதிவேட்டை அந்நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 150 சர்வர்களில் வைத்திருந்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. ஆயின் அவை யாவும் எந்நேரமும் ஒன்றோடொன்று இணைந்து தம்மை ஒத்திசைத்துக் கொண்டிருந்தமையால், யாவும் ஒருங்கே அழிந்தன. எஞ்சியது ஒன்றே ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டு அலுவலகத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்தமையால், அங்கிருந்த சர்வர் மட்டும் வலையினின்றும் விலகியிருந்தது. அதன் வட்டை ஒருவர் நைஜீரியாவிற்குக் கொண்டுசென்று மற்றொருவர் கையிற் கொடுக்க, அவர் இங்கிலாந்திற்குக் கொணர்ந்தார். அதனைக் கொண்டே நிறுவனம் மீண்டெழுந்தது. 150 படிகளால் ஆகாததை விலகி நின்ற ஒரு படி ஆக்கியது. அதுவும் அறிவினால் விலக்கப்பட்டதன்று, மின்தடையால் விலகியது. தற்செயல் செய்த நன்மையை நாம் திட்டமாய்ச் செய்துகொள்ளலாகாதோ?

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இத்தகைய தாக்குதல் நேர்ந்தது. ஐந்து சர்வர்கள் கெட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளர் சீட்டுகளைப் பல நாள் கையாலேயே எழுதவேண்டியிருந்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டதென்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. தீங்கு எட்டாத ஓரிடத்தில் ஒரு படி நின்றமையே ஆங்கும் உயிர்நிலையாயிற்று.

நிற்க. 'கழற்றி வைக்கவேண்டுமென்பது மெய்யே. படியெடுத்து முடிந்தபின் எவரேனும் கையாலே கழற்றிவிட்டாற் போதாதோ? இதற்குத் தானியங்கும் ஏற்பாடு எற்றுக்கு?' என்று வினவுவர் சிலர். போதாது என்பதே எம் கருத்து. படியெடுப்பு நள்ளிரவில் நிகழ்வது. அது முடியும் நேரம் கோப்பின் அளவிற்கேற்ப நாளும் மாறுவது. அதற்காக விழித்திருப்பார் ஒருவருமிலர். காலையில் வருபவர் முதற்கண் கடிதங்களைத் திறப்பாரேயன்றி டிரைவைக் கழற்றார். தீங்கு வருவதும் பெரும்பாலும் அக்கடிதங்களின் வழியே. முதல் வாரம் நினைவிருக்கும். இரண்டாம் வாரம் ஒரு நாள் தவறும். மூன்றாம் மாதத்தில் வழக்கமே ஒழியும். மனிதர் நினைவை நம்பிய காவல் காவலாகாது. எடுத்தலை இயந்திரத்திடம் ஒப்படைத்தோர் கழற்றுதலையும் அதனிடமே ஒப்படைத்தல் முறை.

அதனைச் செய்யும் வகை அரிதன்று. நான்கு செயல்களை ஒரு சிறு ஸ்கிரிப்டில் வரிசையாய் எழுதிவைத்தலே போதும்: டிரைவை இணைத்தல், படியெடுத்தல், பிழையின்றி முடிந்ததோவெனப் பார்த்தல், கழற்றுதல். விண்டோஸ் கணினியில் 'நெட் யூஸ்' என்னும் கட்டளையே இணைக்கவும் விலக்கவும் உதவும். இடையிற் படியெடுக்க 'ரோபோகாப்பி' உண்டு. இவற்றைக் குறித்த மணிக்கு ஏவ 'டாஸ்க் ஷெட்யூலர்' உண்டு. லினக்ஸில் 'மவுண்ட்', 'ஆர்சிங்க்', 'யூமவுண்ட்' என்னும் மூன்றும் அப்பணியைச் செய்யும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியில் டைம் மெஷினை ஏவும் கட்டளைக்கு, எடுப்பு முடியும்வரை காத்திருக்குமாறு ஒரு குறிப்புச் சேர்க்கலாம். அதன்பின் கழற்றும் கட்டளையை எழுதலாம். இவை யாவும் அவ்வக் கணினியோடே வருவன அல்லது விலையின்றிக் கிடைப்பன. ஒரு மாலைப் பொழுதின் உழைப்பே இதற்காம் செலவு.

ஆயினும் சில இடர்களை முன்னறிந்து எழுதுதல் வேண்டும். முதலாவது, டிரைவ் உண்மையில் இணைந்ததோவென்று பாராமற் படியெடுக்கத் தொடங்கலாகாது. லினக்ஸில் இணைப்புத் தவறின், டிரைவிற்கென வைத்த வெறுங் கோப்புறை மட்டும் இருக்கும். ஆர்சிங்க் யாதும் ஐயுறாது அதிலேயே, அஃதாவது சொந்த வட்டிலேயே, எழுதிவிட்டு 'முடிந்தது' என்று சொல்லும். உரியவரும் மாதக்கணக்கில் மனநிறைவோடிருப்பார். இரண்டாவது, முடிவுக் குறியைப் பொருளறிந்து படித்தல் வேண்டும். ரோபோகாப்பி 8க்குக் கீழ்ப்பட்ட எண்ணைத் தருமாயின் தவறில்லை. 1 என்பது புதுக் கோப்புகள் படியாயின என்பதற்கே அடையாளம். 8ம் அதற்கு மேலும் தோல்வி. சுழியமல்லாத யாவும் தோல்வியென்று கருதி எழுதிய ஸ்கிரிப்ட், செம்மையாய் நடந்த நாளிற் கூவி எழுப்பும். நாளும் கூவும் காவலாளியை நாளடைவில் எவரும் பொருட்படுத்தார்.

மூன்றாவது, எடுப்புத் தோல்வியுற்றாலும் டிரைவ் கழன்றே ஆகவேண்டும். பிழை நேர்ந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடுமாயின், டிரைவ் திறந்தபடி கிடக்கும். பிழைக்கும் வெற்றிக்கும் பொதுவாகக் கழற்றுதலை இறுதியில் அமைத்தலே தக்கது. நான்காவது, டிரைவிலுள்ள கோப்பொன்றை வேறொரு நிரல் திறந்து வைத்திருப்பின், கணினி கழற்ற மறுக்கும். அப்பொழுது வலிந்து பிடுங்கலாகாது. சற்றுப் பொறுத்து மீண்டும் முயன்று, பின்னும் இயலாதாயின் உரியவருக்குச் செய்தி அனுப்புமாறு செய்க. ஏனெனில் எழுதவேண்டியவற்றிற் சில இன்னும் கணினியின் நினைவிலேயே தங்கியிருத்தல் கூடும்; முறைப்படி கழற்றும்போது அவை எழுதி முடிக்கப்பட்டபின்னரே இணைப்பு விலகும். மின்சாரம் திடீரென நின்றுவிடும் இடங்களில் இதுவும் ஒரு தனி நன்மை: கழன்று நிற்கும் டிரைவில் பாதி எழுதிய கோப்பு இராது.

இனி, கழற்றிவிட்டதனோடு எல்லாத் தீங்கும் ஒழிந்ததென்று எவரும் மயங்கற்க. 2016ஆம் ஆண்டில் தோன்றிய 'லாக்கி' என்னும் தீய நிரல், எழுத்துப் பெறாத பகிர்விடங்களையும் வலையிற் தேடிச் சென்று பூட்டியது. டிரைவின் கடவுச்சொல்லைக் கணினியிலேயே சேமித்து வைத்திருப்பின், கழன்ற கதவிற்குச் சாவி வாயிலிலேயே தொங்குவதாம். ஆகையால் காப்புப் படிக்கெனத் தனிப் பயனாளர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தல் வேண்டும். நாளும் அமர்ந்து வேலை செய்யும் பயனாளருக்கு அவ்விடத்தில் எழுதும் உரிமை இருத்தலாகாது. சேமிப்புப் பெட்டியில் 'ஸ்னாப்ஷாட்' வசதி இருப்பின் அதனையும் இயக்குக. முந்தைய நிலைகளை அப்பெட்டியே தன்னகத்து வைத்துக்கொள்ளும். கணினி பெட்டியில் எழுதுவதற்கு மாறாக, பெட்டியே கணினியினின்றும் கோப்புகளை இழுத்துக்கொள்ளுமாறு அமைத்தல் இன்னும் சிறந்தது. அப்பொழுது பெட்டியின் சாவி கணினியிடம் இருக்கவே வேண்டுவதில்லை.

நீரும் நெருப்பும் கடவுச்சொற் கேட்டு நுழைவன அல்ல. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தையும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தையும் சென்னை மக்கள் மறந்திரார். கணினியும் சேமிப்புப் பெட்டியும் ஒரே தரைத்தளத்து அறையில் இருந்தால், டிரைவ் கழன்றிருந்தும் பயனில்லை. நீர் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோம். படிகள் மூன்று, அவை இருவகைப் பொருளில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்று அறிந்தோர் வகுத்த விதி இதனாலேயே எழுந்தது. வாரத்திற்கொரு முறை ஒரு சிறு வட்டிற் படியெடுத்து, மாடி வீட்டிற்கோ வேற்றூர் உறவினர் இல்லத்திற்கோ அனுப்பி வைப்பது சிறு கடைக்கும் இயலும். அரையாண்டிற்கொரு முறையேனும் அப்படியினின்று ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்தலும் வேண்டும். மீட்டுப் பாராத படி, உண்டோ இல்லையோ என்று ஐயுறத்தக்கதே.

எதிர்க்கட்சியார் கூற்று ஒன்றனையும் நேர்மையோடு எடுத்துரைத்தல் கடன். 'எந்நேரமும் இணைந்திருந்தால் மணிக்கொரு முறை படியெடுக்கலாம். கழற்றி வைத்தால் நாளுக்கொரு முறைதானே? இடைப்பட்ட உழைப்பு இழப்பாகாதோ?' என்பர் அவர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் மேலே கூறிய ஸ்கிரிப்டை மணிக்கொரு முறை ஏவினாலும் தடையில்லை. ஒவ்வொரு முறையும் சில நிமிடம் இணைந்து உடனே விலகும். இருபத்துநான்கு மணியும் திறந்து கிடக்கும் கதவிற்கும், அவ்வப்பொழுது திறந்து மூடும் கதவிற்கும் உள்ள வேற்றுமையை எவரும் அறிவர். அன்றியும், ஒரு நாள் உழைப்பை இழப்பவன் மறுநாள் அதனை மீண்டும் செய்வான். பத்தாண்டுக் கணக்கை இழப்பவன் எங்ஙனம் மீள்வான்? இரண்டனுள் ஒன்றை ஏற்கவேண்டுமெனின் எதனை ஏற்பதென்பது வெளிப்படை.

ஆதலின் எம் கருத்தை முடிவாகக் கூறுவோம். காப்புப் படி எடுக்கும் ஏற்பாட்டை விற்போரும் அமைத்துக் கொடுப்போரும், முடிந்தவுடன் கழற்றுதலை விரும்பினோர் சேர்த்துக்கொள்ளும் துணைவசதியாக வையாது, ஏற்பாட்டின் உறுப்பாகவே அமைத்துத் தருதல் வேண்டும். அலுவலகத் தலைவர்கள் 'பேக்கப் எடுத்தாயிற்றா?' என்று கேட்பதோடு நில்லாது, 'கழன்றிருக்கின்றதா?' என்றும் கேட்டல் வேண்டும். இவ்விரண்டாம் வினாவிற்கு விடையில்லாத இடத்தில் முதல் வினாவின் விடைக்கு மதிப்பில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் தந்தையாரின் கடையிலோ, அண்ணனின் லாரி அலுவலகத்திலோ, பக்கத்து வீட்டு மாமாவின் ஸ்டூடியோவிலோ ஒரு மூலையில் அச்சிறு பெட்டி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். இவ்விடுமுறையில் ஒருநாள் அதனருகே அமருங்கள். அது நேற்றிரவு படியை ஏற்றதோ, ஏற்றபின் விலகியதோ என்று பாருங்கள். விலகவில்லையாயின் மேற்கூறிய நான்கு செயல்களையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த நாட் காலையில் உங்கள் கண்முன்னே ஒரு பழைய கோப்பை அப்படியினின்று மீட்டுக் காட்டுங்கள். வகுப்பிற் கற்ற கல்வி வீட்டாரின் பிழைப்பைக் காத்தது என்று அவர்கள் அறிவதைவிட, அக்கல்விக்கு வேறு சிறப்பு யாதுளது?